பிரேக் இன்ஸ்பெக்டர் வாயால வரணும்

ஜன்னல் ஓரம் எனக்கு வேணாம் தாயி, நீயே உக்காரு. நான் இந்தப் பக்கமே இருந்துக்கிறேன். டிரைவர் தலை தெரிஞ்சா எனக்குப் போதும். பஸ்ஸுல ஏறுனா நான் ரோட்டைப் பாக்க மாட்டேன், டிரைவர் தலையத்தான் பாப்பேன். சின்னப் பிள்ளைக பாத்துச் சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்.

கையில என்னன்னு பாக்குறியா? ஆயிலு தாயி, பிரேக் ஆயிலு. முந்தானையில தொடச்சும் பிசுபிசுன்னு இருக்கு. கிழவி கையில பிரேக் ஆயில் எப்படி வந்துச்சுன்னுதானே நினைக்கிற. ஒரு ஜீப்பு வச்சிருக்கேன். இன்னைக்கு எப்.சி. காட்டக் கொண்டாந்தேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, வாடகை வண்டின்னா வருசா வருசம் கவர்மெண்டு கிரவுண்டுல கொண்டாந்து நிறுத்தணும். இது ரோட்டுல ஓட லாயக்குத்தானான்னு பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்துச் சொல்லணும். அவரு படிச்ச ஆபீசரு, அவர் வேலைக்கு வேற ஏதோ பெரிய பேரு இருக்கு. எங்க சனத்துக்கு அவரு பிரேக் இன்ஸ்பெக்டருதான். எனக்கும் அவருகிட்ட பிரேக்கைத் தவிர கேக்குறதுக்கு ஒண்ணும் கிடையாது.

ஜீப்பு எங்கேன்னா? அந்தக் கிரவுண்டுலயே நிக்குது. விட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.

அந்தக் கிரவுண்டுக்கு வர்றவன் அத்தனை பேரும் வண்டி பாஸாகணும்னு வருவான். எலுமிச்சம்பழம் கட்டியிருப்பான், சூடம் காட்டியிருப்பான், குலசாமி துன்னூறை ஸ்டியரிங்ல பூசியிருப்பான். பெயிலாகணும்னு சாமி கும்பிட்டு வர்றவ நான் ஒருத்திதான். வருசா வருசம் வர்றேன். வருசா வருசம் பாஸ் போட்டு அனுப்பிச்சு விட்டுர்றாங்க.

சிரிக்காத தாயி. சொல்றேன் கேளு. நீ எறங்குற ஊரு இன்னும் தூரம்தானே?

எங்க ஊரு கம்பத்துக்கு மேக்க, மலை அடிவாரம். கோழி கூப்பிட்டதும் பொம்பளைக ரோட்டுக்கு வந்துருவாளுக. தலையில துண்டு, கையில தூக்குவாளி. மலைக்கு மேல கேரளாவுல ஏலத்தோட்டம். காயெடுக்க, களையெடுக்க, எல்லாம் ஜீப்புலதான் போகணும். ஒரு ஜீப்புல எத்தனை பேருன்னு கேட்டா கேரளாக்காரன் ஒரு கணக்குச் சொல்லுவான், நம்ம போலீசு ஒரு கணக்குச் சொல்லுவான். எங்க கணக்கு, இடம் இருந்தா ஏறிக்க. மடி மேல மடியா உக்காந்து போவோம். நானும் இடுப்பு விட்டுப் போற வரைக்கும் போனவதான். அப்புறம் ஜீப்பு ஒண்ணு வாங்கி, என் மகன் சுருளி ஓட்டுனான். ஒத்தப் பிள்ளை. அப்பன் முகம் பாக்காம வளர்ந்தவன்.

என் வீட்டு வாசல்ல நின்னா மலை ரோடு கேக்கும் தாயி. எனக்குப் படிப்பு ஏறலை, காது மட்டும் ஏறியிருக்கு. பத்து ஜீப்பு ஒண்ணா ஏறுனாலும் எம்மகன் ஜீப்பு எதுன்னு சொல்லிருவேன். எந்த வளைவுல கியரை மாத்துறான், எங்கே ஹாரன் அடிக்கிறான், எல்லாம் அடுப்புல இருந்துக்கிட்டே கேப்பேன். அவன் பொண்டாட்டி ஈஸ்வரி கிண்டல் பண்ணுவா, அத்தைக்கு ரேடியோ தேவையில்லைன்னு.

அன்னைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்.

ஏத்தம் பூரா நல்லாத்தான் ஏறுனான். பாதி மலையில ஒரு இடம் இருக்கு, ரோடு கொஞ்ச தூரம் எறங்கி, அப்புறம் மறுபடி ஏறும். எறங்குற இடத்துல பிரேக் பிடிச்சு ஒடிக்கணும். எப்பவும் அங்க ஒரு கிரீச்சு கேக்கும் எனக்கு. அன்னைக்குக் கேக்கலை. வண்டிச் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் இல்லை. அவ்வளவுதான். காக்கா மட்டும் கத்துச்சு.

எம்மகன் அங்கேயே போயிட்டான், ஸ்டியரிங்கு நெஞ்சுல ஏறி. முன் சீட்டுல அவன் பக்கத்துல இருந்த என் கூட்டாளி காமுத்தாயும் போயிட்டா. மத்த பொம்பளைக கையி காலு ஒடிஞ்சு கிடந்தாளுக. ஒரு மரம் தாங்கிப் பிடிச்சதுனால ஜீப்பு அடி மட்டம் வரைக்கும் போகலை.

பிழைச்சவளுக எல்லாரையும் நான் போயிப் பாத்தேன் தாயி. ஆஸ்பத்திரியில, வீட்டுல, ஒருத்தியையும் விடலை. எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாளுக. வண்டி பிரேக்கே பிடிக்கலை, சத்தமே இல்லை, மெதுவா, சாவகாசமா, ரோட்டைத் தாண்டிக்கிட்டு போச்சுன்னு. பின்னாடி இருந்த ஒருத்தி சொன்னா, உம்மகன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தான், கீழ எதையோ தேடுற மாதிரின்னு.

எதைத் தேடியிருப்பான்? பிரேக்கைத்தான் தேடியிருப்பான். மிதிக்கிறான், பிடிக்கலை, குனிஞ்சு பாக்குறான். வேற எதுக்கு ஒரு டிரைவரு ஓடுற வண்டியில தலையைக் குனிவான்? நீயே சொல்லு. நீயும் சொல்ல மாட்ட. யாரும் சொல்ல மாட்டாங்க, பேசாம மூஞ்சியைப் பாப்பாங்க. ஊரே அப்படித்தான் பாத்துச்சு.

இதுல என் மருமக ஈஸ்வரி ஒரு காரியம் செஞ்சா பாரு. புருசன் பொணம் இன்னும் வீட்டுக்கு வரலை, போலீஸ்காரன் வந்து விசாரிக்கிறான். இவ வாசல்ல நின்னுக்கிட்டு சொல்றா, "ராத்திரி பூரா கல்யாண டிரிப்பு ஓட்டிட்டு விடியத்தான் வந்தாரு, தூங்காமத்தான் போனாரு"ன்னு. கேட்டியா? கட்டுனவன் மேல பழி விழுகுற மாதிரி ஒருத்தி பேசுவாளா? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. நான் தடுக்கலை. அதுக்கப்புறம் அவளும் இங்கிட்டு வரலை, நானும் அங்கிட்டு போகலை.

அவன் தூக்கம் முழிக்கிறது புதுசா? டிரைவருன்னா அப்படித்தான். முகூர்த்த மாசம் தாயி, யாரு டிரிப்பை விடுவா. அன்னைக்கும் வந்து படுத்தான், படுத்த கையோட பொம்பளைக வந்து நிக்கிறாளுக ரோட்டுல. ஈஸ்வரி சொன்னா, "அத்தை, இன்னைக்கு ஒரு நாளைக்கு வேற ஜீப்புல போகச் சொல்லுங்க, தூங்கட்டும்"னு. நான்தான் சொன்னேன், ஏண்டி, லைன் கட்டி நிக்கிறாளுக, அவளுக கூலி போனா யாரு குடுப்பா, ஒரு நாள் விட்டா நாளைக்கு வேற ஜீப்புல ஏறிப் பழகிருவாளுகன்னு. உலுக்குனேன், எந்திரிக்கலை. செம்புத் தண்ணிய மூஞ்சில தெளிச்சேன். எந்திரிச்சான். தண்ணி தாடையில வழியுது, சட்டைக் கையில தொடச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம போயி ஏறுனான். ஒரு வார்த்தை பேசலை தாயி. தொழில்ல அவ்வளவு கருத்து. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை அப்படி இருக்கும்?

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அப்படிப்பட்ட பிள்ளை மேல இவங்க பழியைப் போடுறாங்க.

ஆக்சிடெண்டு வண்டியை ஸ்டேஷன்ல கொண்டாந்து நிறுத்தி, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்தாரு. வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லை, பிரேக் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நின்ன வண்டியை, வேப்பமரத்தடியில, வெயிலுக்கு அவசரமா பாத்தாரு. அவரு பாத்த லச்சணம் அதுதான். ஆனா கவர்மெண்டு சொன்னா சொன்னதுதானே. ஊரு பிடிச்சுக்கிருச்சு. வண்டியில குறை இல்லைன்னா ஓட்டுனவன்கிட்டத்தான் குறைன்னு. காமுத்தாய் வீட்டுக்காரரு என்னைக் கண்டா வேலி ஓரமா ஒதுங்கிப் போவாரு. திட்டியிருந்தா கூட தேவலை. குழாயடிக்குப் போனா என் குடத்துக்கு வழி விட்டு எல்லாரும் நகர்ந்து நிப்பாளுக. நகர்ந்து நிக்கிறது மரியாதைன்னு நினைச்சுக்கிட்டேன் முதல்ல.

அப்பத்தான் போசு வந்தான். போசு மெக்கானிக்கு, பஸ் ஸ்டாண்டு பின்னாடி பட்டறை வச்சிருக்கான். எம்மகன்கூட ஒரே தட்டுல சோறு தின்னவன். வந்து என் காலடியில உக்காந்தான்.

"ஆத்தா, கோர்ட்டுல இருந்து வண்டி வந்ததும் நேரா என் பட்டறைக்கு விடு. நாலு வீலையும் கழட்டிப் பாக்குறேன். பிரேக் சிலிண்டர் லீக்குன்னு சொல்றேன். சாவடியில, ஊருக்கு முன்னாடி, சூடத்தை அணைச்சு சொல்றேன்."

"பாக்கிறதுக்கு முன்னாடியே சொல்றியேடா."

"பாத்தா என்ன ஆத்தா, பாக்காட்டி என்ன. அவன் என் மச்சான்."

"அதனாலதான்டா உன் வாக்கு எனக்கு வேணாம்."

அவனுக்கு முகம் செத்துப் போச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாரு. அவன் சூடத்தை என்ன, அடுப்பு நெருப்பையே கையால அணைச்சாலும் ஊரு என்ன சொல்லும்? கூட்டாளிக்காகச் சொல்றான்னு சொல்லும். இல்லாட்டி பட்டறைக்கு வேலை வரணும்னு சொல்றான்னு சொல்லும். வேண்டியவன்கிட்ட கேட்டா பாசம் பேசும், ஆகாதவன்கிட்ட கேட்டா வயித்தெரிச்சல் பேசும். நீ யாரு நான் யாருன்னு தெரியாதவன்தான் வண்டியைப் பாத்துப் பேசுவான். அந்தக் கிரவுண்டு ஆபீசரு வண்டி பாஸானாலும் பெயிலானாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போயி சோறு திங்கப் போறாரு. அவருக்கு என்ன வந்துச்சு. அவர் வாயால ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த வண்டிக்குப் பிரேக் பிடிக்கலைன்னு வரணும். வந்துட்டா, அன்னைக்கும் பிடிச்சிருக்காதுன்னு நான் தலையை நிமித்திச் சொல்லுவேன். குழாயடியில வச்சே சொல்லுவேன்.

பட்டறைக்காரங்க எப்.சி.க்கு வண்டி கொண்டு போற லச்சணம் உனக்குத் தெரியாது. எங்க ஊருல நல்ல டயரு ஒரே ஒரு செட்டு இருக்கு. எவன் வண்டிக்கு எப்.சி. வருதோ அவன் வண்டியில மாட்டுவாங்க. காட்டிட்டு வந்து கழட்டி அடுத்தவனுக்குக் குடுப்பாங்க. அந்த ஒரு செட்டு டயரு ஊருல இருக்குற அத்தனை ஜீப்பையும் பாஸ் பண்ணி விட்டிருக்கு. போசும் அந்த டயரைக் கொண்டாந்தான். தொடாதேன்னுட்டேன். ஒடுங்குன தகரத்தை மட்டும் தட்டு, உடைஞ்ச கண்ணாடியை மாத்து, அந்த ஸ்டியரிங்கை மாத்து. பிரேக்குல மட்டும் உன் விரல் படக் கூடாது. அன்னைக்கு எம்மகன் மிதிச்ச பிரேக்கு அப்படியே கவர்மெண்டுக்குப் போகணும். சொல்லிட்டு அவன் பட்டறையிலயே ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். வேலை முடியுற வரைக்கும் தெனமும் உக்காந்தேன். போசு சொல்லுவான், "ஆத்தா, கோழி அடைகாக்குற மாதிரி இருக்க. ஒரு நாள் ஜீப்பு குஞ்சு பொரிக்கப் போகுது." அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன். அப்புறம் அவன் சுத்தியலை எடுத்துத் தகரத்தைத் தட்ட ஆரம்பிச்சுருவான்.

மொத தடவை கிரவுண்டுக்குக் கொண்டு போனோம். மொக்கராசுன்னு ஒரு ஆக்டிங் டிரைவரு, அவன்தான் ஓட்டிட்டு வருவான். கிரவுண்டுல சுண்ணாம்புல ஒரு கோடு போட்டிருப்பாங்க. வேகமா வந்து அந்தக் கோட்டுல மிதிக்கணும், வண்டி நிக்கணும். நான் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தாண்டிப் போ, தாண்டிப் போன்னு மனசுக்குள்ள சொல்றேன். கோட்டுக்கு முன்னாடியே, கட்டிப் போட்ட மாடு மாதிரி நின்னுருச்சு.

அப்ப இருந்தவரு வயசான ஆபீசரு. நல்ல மனுசன். குனிஞ்சு வீலைப் பாத்துட்டு என்கிட்ட வந்து சொன்னாரு, "பிரேக் அருமையா இருக்கும்மா. இதை ஓட்டுனவன் கண்ட இடத்துல மிதிச்சு வீணாக்கலை. நல்ல டிரைவரு கை பட்ட வண்டி"ன்னு.

அழுதேன் தாயி. மண்ணுல உக்காந்து அழுதேன். சுத்தி நின்ன லாரிக்காரங்க, வண்டி பாஸான சந்தோசத்துல கிழவி அழுகுதுன்னு டீ வாங்கிக் குடுத்தாங்க. ஒருத்தன் பன்னும் வாங்கிக் குடுத்தான். தின்னேன். என்ன செய்யச் சொல்ற.

அப்ப இருந்து வருசா வருசம். ஜீப்புல யாரும் ஏறுறது கிடையாது, வாடகைக்குக் கூப்பிடுறதும் கிடையாது. வாசல்லதான் நிக்கும். மொக்கராசு எப்பவாச்சும் ஆத்துப் பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வந்து விடுவான், உசிரு போயிராம இருக்க. நின்ன வண்டிக்குப் பிரேக்கு தானா போயிரும்னு எல்லாரும் சொன்னாங்க. மத்த வண்டிக்கெல்லாம் போகுது. இதுக்குப் போகலை.

உன்கிட்ட சொன்னா என்ன. காமுத்தாய் வருவா. விடியக்காலம் நான் வாசல் தெளிக்க வர்றப்ப பாத்தா, ஜீப்புல உக்காந்திருப்பா. அதே முன் சீட்டுல, தூக்குவாளியை மடியில வச்சுக்கிட்டு. பயமெல்லாம் இல்லை. பழகுனவதானே, காடு கரையெல்லாம் ஒண்ணாத் திரிஞ்சவ, என்னை மதினின்னு கூப்பிடுவா. நான் கேப்பேன், ஏண்டி காமுத்தாய், நீ அவன் பக்கத்துலதானே இருந்த, பிரேக்குதானே பிடிக்கலை, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்னு. வெத்தலையை மென்னுக்கிட்டே இருப்பா. முன்னால ரோட்டைப் பாக்க மாட்டா. டிரைவர் சீட்டையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் கோலத்தைப் போட்டு நிமிந்தா இருக்க மாட்டா.

இந்த வருசக் கதைக்கு வர்றேன். நேத்து பொழுது சாயுற நேரம் போசு வந்தான். நான் உள்ளே உளுந்து புடைச்சுக்கிட்டு இருந்தேன். காத்து அடிச்சு விடுறேன் ஆத்தான்னான். சரின்னேன். காத்து அடிக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? வரவே இல்லை. ஸ்பேனர் சத்தம்தான் வந்துச்சு. ஒரு நட்டு கிறுகிறுன்னு தளருது. அப்புறம் சொட்டு. ஒரு சொட்டு, நிதானமா இன்னொரு சொட்டு, தகர டப்பாவுல. அப்புறம் பெடலை அவன் கையால அமுக்கிப் பாக்குறான், பொத்துன்னு போயி இரும்புல இடிக்குது. நான் முறத்தை நிறுத்தலை. புடைச்சுக்கிட்டே இருந்தேன். உளுந்துல தூசி போயி வெகு நேரமாச்சு, இருந்தாலும் புடைச்சேன்.

போசு உள்ளே வரலை. வாசல்ல நின்னே சொன்னான், "நாளைக்கு மொக்கராசை ஹேண்ட் பிரேக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு மெல்ல ஓட்டச் சொல்லு ஆத்தா."

"ஏன்டா?"

"சும்மாதான்."

காப்பி போட்டு வச்சிருந்தேன், குடிக்காமப் போயிட்டான்.

நீ கேக்கலாம், பட்டறைக்காரன் வாக்கு வேணாம், கவர்மெண்டுதான் வேணும்னு இத்தனை வருசம் நின்னவ, இப்ப ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு. நான் என்ன கண்டேன்? கண்ணால பாத்தனா? சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். காதுல விழுந்ததை எல்லாம் சாட்சின்னு சொல்ல முடியுமா? கவர்மெண்டு பாத்து என்ன சொல்லுதோ சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

இன்னைக்கு விடியக்காலம் காமுத்தாய் உக்காந்திருந்தா. எறங்குடி, இன்னைக்குப் பிரேக் இல்லைன்னேன். எறங்கலை.

மொக்கராசு வந்தான். அவனுக்கும் போசு சொல்லியிருக்கணும், மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. கையில ஹேண்ட் பிரேக்கு, காளை மாட்டு வண்டி கணக்கா உருட்டிக்கிட்டு வந்து சேர்ந்தோம். கோட்டுல நிக்காது, ஒரு வண்டி தூரம் தாண்டும், ஹேண்ட் பிரேக்குல பிடிச்சுருவேன் ஆத்தான்னு என் காதுல ஓதுனான். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னான். நானும் தலையாட்டுனேன்.

ஆனா பழைய ஆபீசரு மாத்தலாகிப் போயிட்டாரு. புதுசா ஒருத்தரு. சின்ன வயசு. இவரு டிரைவரை நம்புறது இல்லை போல, ஒவ்வொரு வண்டியையும் தானே ஏறி ஓட்டிப் பாக்குறாரு. எங்க முறை வந்துச்சு. மொக்கராசை எறங்கச் சொல்லிட்டாரு. மொக்கராசு என்னைப் பாக்குறான். நான் அவனைப் பாக்குறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டு சுவரு, சுவரு நிழல்ல முறைக்கு நிக்கிற வண்டிக்காரங்க உக்காந்து கதை பேசிக்கிட்டு இருக்காங்க.

அந்த ஆபீசரு கண்ணு செவசெவன்னு இருந்துச்சு தாயி. கூட இருந்த ஆளுகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு, ராத்திரி பூரா செக்போஸ்ட் டியூட்டி, நேரா இங்க வந்துட்டேன்னு. அந்த ஆளு சொல்றான், சார், லைன் நிக்குது, இன்னும் நாலு வண்டிதான்னு. சரின்னுட்டு ஒரு தண்ணி பாட்டிலை வாங்கி மூஞ்சில அடிச்சாரு. தண்ணி தாடையில வழிஞ்சுச்சு. சட்டைக் கையில தொடச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம, ஜீப்புல ஏறுனாரு.

நான் எப்படி வேலியைத் தாண்டுனேன்னு எனக்குத் தெரியாது. இடுப்பு போனவ நான். ஜீப்பு முன்னாடி பம்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இஞ்சினு ஓடுது, சூடு வயித்துல அடிக்குது.

"தள்ளுங்க பாட்டி, லைன் நிக்குது"ன்னாரு.

"நின்னா நிக்கட்டும். நீ எறங்குப்பா. தூங்காத கண்ணோட வண்டி எடுக்காத."

அந்தக் கூட இருந்த ஆளு என்னை இழுத்தான். நான் விடலை. அப்பத்தான் சொன்னேன், பிரேக் இல்லைன்னு. அவரு பெடலை மிதிச்சுப் பாத்தாரு, பொத்துன்னு உள்ளே போச்சு. எறங்கிட்டாரு. நான் கீழ உக்காந்து சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டு, கசியுற ஆயிலை எடுத்து அவருகிட்ட காட்டுனேன். அதுதான் இந்தக் கை.

அவரு திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டலை. நட்டைப் பாத்த உடனே அவருக்குத் தெரிஞ்சு போச்சு, யாரோ தளத்தி விட்டதுன்னு. யாருன்னு கேட்டாரு, நான் சொல்லலை. இதை பெயில்னுதான் எழுதணும், சரி பண்ணிக் கொண்டு வாங்கன்னாரு. இந்தச் சொல்லுக்குத்தானே தாயி இத்தனை வருசம் அலைஞ்சேன். கவர்மெண்டு வாயால வந்துருச்சு. பிரேக் பிடிக்கலை. நான் நின்ன இடத்துல நிக்கிறேன். ஒண்ணும் தோணலை.

அப்புறம் கேட்டேன், சார், அப்ப அன்னைக்கும் இது பிடிச்சிருக்காதுல்லன்னு.

"என்னைக்கு?"

சொன்னேன். மலை, சுருளி, காமுத்தாய், கேக்காத சத்தம், எல்லாம். லைன் நின்னுச்சு, ஹாரன் அடிச்சாங்க, அவரு கேட்டுக்கிட்டே நின்னாரு. பழக்கமில்லாத பிள்ளை, எதுக்கு நின்னாருன்னு தெரியலை.

கேட்டு முடிச்சுட்டு சொன்னாரு, "அம்மா, இன்னைக்கு வண்டி எப்படி இருக்குன்னுதான் நாங்க சொல்ல முடியும். அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு இதுகிட்ட கேக்க முடியாது." அப்புறம் மெதுவா கேட்டாரு, "சத்தமே வரலைன்னா, அவரு மிதிக்கவே இல்லையோ என்னமோ. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அவரைப் பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

இருக்கா. ஒருத்தி இருக்கான்னு சொன்னேன்.

யாருன்னு அவரு கேக்கலை. அடுத்த வண்டியைக் கூப்பிட்டாரு. நானும் மொக்கராசுகிட்ட ஒண்ணும் சொல்லாம ரோட்டுக்கு வந்து, எதுத்தாப்புல வந்த இந்த பஸ்ஸுல ஏறிட்டேன். போசு போன் அடிச்சுக்கிட்டே இருக்கான், மடியில அதிருது பாரு. எடுக்கலை. எடுத்து அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்ல.

ஈஸ்வரி ஊருக்குத்தான் போறேன் தாயி. தேவாரம் தாண்டி எறங்கி நடக்கணும். அவ என்னை உள்ளே கூப்பிடுவாளோ, வாசல்லயே நிறுத்துவாளோ. மறுகல்யாணம் ஆயிருச்சோ என்னவோ, அதையும் நான் விசாரிக்கலை. நிறுத்துனா நின்னுக்கிறேன்.

சண்டைக்குப் போகலை. போலீஸ்காரன்கிட்ட அவ சொன்னதைப் பத்தியும் நான் பேசப் போறது இல்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அவன் வந்து படுத்தானே, அந்தக் கொஞ்ச நேரம், எப்படிப் படுத்திருந்தான், ஒருக்களிச்சா, மல்லாக்கவா, கையைத் தலைக்கு வச்சிருந்தானா, வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குனானா. அவ பக்கத்துல இருந்தவ, பாத்திருப்பா. நான் பாக்கலை தாயி. நான் எழுப்பத்தான் போனேன்.